சுவீடனில் மகள் வீட்டில் மூன்று மாதம்: பெற்றோர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

கேள்வி: நானும் என் கணவரும் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஸ்டாக்ஹோமில் இருக்கும் மகள் வீட்டில் மே தொடங்கி ஜூலை முடிய தங்க எண்ணியுள்ளோம். மகளும் மருமகனும் பகலில் வேலைக்குச் சென்றுவிடுவார்கள். பேரனுக்கு ஐந்து வயது. அவர்களுக்குத் தொந்தரவு தராமல் அன்றாடத்தை நாங்களே பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு வேண்டும்?

பதில்: முதலில் நாட்களை எண்ணிவிடுங்கள். மே 1 முதல் ஜூலை 31 வரை 92 நாட்கள் ஆகின்றன; சுவீடன் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவிலோ எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இடையில் நார்வே, டென்மார்க் என்று சுற்றிவந்தாலும் அந்த நாட்கள் கழியா. விசாவில் குறைவான நாட்கள் தரப்பட்டிருந்தால் அதுவே எல்லை. எனவே கடைசி நாள் வரை இழுக்காமல், நான்கைந்து நாட்கள் மிச்சம் வைத்துத் திரும்பும் பயணச்சீட்டைப் பதிவு செய்வதே நல்லது.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு அந்தப் பாலிசி எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துப் பாருங்கள். நம் ஊர் மருத்துவர் எழுதிய சீட்டு அங்குள்ள மருந்துக் கடைகளில் செல்லாது என்பதால், தங்கும் காலம் முழுமைக்குமான மாத்திரைகளை, வேதிப்பெயர் குறிப்பிட்ட சீட்டுடன் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே அதிகாலை மூன்றரை மணிக்கே சூரியன் உதித்து இரவு பத்து மணி அளவில்தான் மறைகிறது. ஆகவே இரவு மாத்திரையையும் உறக்கத்தையும் வெளிச்சத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். உடல்நல ஆலோசனைக்கு 1177, அவசரத்துக்கு 112 என்ற எண்களைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பெட்டியில் தின்பண்டம் அடுக்கும்போதுதான் பெற்றோர் பலரும் தவறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை உண்டு. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும், என்ன காரணமோ, விலக்கு அளித்திருக்கிறார்கள். பருப்புப் பொடி, மிளகாய்த் தூள், வற்றல் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சுவீடனில் அன்றாட வாழ்க்கை ஆளுக்கொரு அடையாள எண்ணைச் சுற்றியே சுழல்கிறது. கைபேசியில் பணம் அனுப்பும் ‘ஸ்விஷ்’ உட்பட பலவும் அந்த எண்ணோடு பிணைந்தவை. விருந்தாளிக்கு அது கிடையாது. ரொக்கத்தை வாங்காத கடைகளும் ஏராளம். ஆகவே கிளம்பும் முன்பே உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேர வேண்டுமாதலால், இந்திய சிம் கார்டையும் அணைக்காமல் வைத்திருங்கள். அதே அட்டையை மெட்ரோ வாயிலில் தொட்டாலே பயணச்சீட்டு ஆகிவிடும். அது 75 நிமிடங்களுக்குச் செல்லும்.

நீங்கள் தனியாகச் சமாளிக்க வேண்டிய பெரிய காரியம், என் கருத்தில், துணி துவைப்பதுதான். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் எல்லா வீட்டாருக்கும் பொதுவாக ஒரே துவைப்பறை, பெரும்பாலும் நிலவறையில், இருக்கும். மின்னணுத் திரையிலோ, வீட்டு எண் பொறித்த சிறு பூட்டைப் பலகையில் மாட்டியோ முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும். நேரம் முடிவதற்குள் துணியை எடுத்து, உலர்த்தியின் வடிகட்டியில் படிந்திருக்கும் பஞ்சை வழித்து, தரையையும் துடைத்துவிட்டு வர வேண்டும். இதில் பிசகினால், நேரில் புன்னகைத்துப் போகும் அண்டை வீட்டார் சுவரில் கண்டிப்பான துண்டுச்சீட்டு ஒட்டிவிடுவார்கள். மகளோடு இரண்டு முறை போய்ப் பழகிய பிறகு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். சாயம் போகும் சுங்குடிச் சேலையை அந்த இயந்திரத்தில் போட வேண்டாம்.

பேரனை மழலையர் பள்ளியிலிருந்து நீங்கள் அழைத்துவருவதானால், மகள் அங்கே முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். அங்கே உங்களை ‘மூர்மூர்’ என்பார்கள். தாயின் தாய் என்று பொருள். தந்தையின் தாய்க்கு ‘ஃபார்மூர்’ என்று வேறு சொல் உண்டு. அம்மாச்சி, அப்பத்தா என்று பிரித்துச் சொல்லும் நமக்கு இது எளிதில் பிடிபடும். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: குழந்தையை அடிப்பதை 1979இல் சட்டத்தால் தடை செய்த முதல் நாடு சுவீடன். அந்தத் தடை பெற்றோருக்கும் பொருந்தும், தாத்தா பாட்டிக்கும் பொருந்தும். சாப்பிட அடம்பிடிக்கும் பேரனின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டும் பழக்கம் இருந்தால், அதைக் கும்பகோணத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.