தலை சீவிய படம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாகப் படம் எடுக்கிறேன். மரம், மேகம், கட்டடம் எல்லாம் நன்றாக வருகின்றன. மனிதர் முன்னால் நின்றால் கை நடுங்குகிறது. தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் வாங்கினால் அவர்களுக்குத் தெரியாமல் தள்ளி நின்று இயல்பாக எடுக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? பேச்சுக் கொடுத்து நெருங்க உத்திகள் ஏதும் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

லென்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். ஒருவரைத் தோள்வரை எடுக்க 85 மி.மீ. லென்ஸில் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் போதும். 200 மி.மீ.-இல் மூன்றரை மீட்டராவது வேண்டும். ஒன்றரை மீட்டரில் மெல்லப் பேசலாம். ஆகவே வாங்க வேண்டாம். கை நடுங்கினால் ஷட்டர் வேகத்தை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

'அவர்களுக்குத் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒளிந்து நின்று எடுத்தால் அது இயல்பா? 1936-இல் அமெரிக்கப் படக்கலைஞர் டோரதியா லாங்கே கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் ஒரு தாயைப் படமெடுத்தார். பக்கத்தில் போய் எடுத்த படம், உலகப் புகழ் பெற்றது. ஆனால் பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னால் எழுதினார். அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் தாம்ப்சன். பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

உத்தி என்ற சொல்லே வேண்டாம். படம் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்த நாளில் ஒரு வயதான தையல்காரரிடம் அனுமதி கேட்டேன். "இருங்க தம்பி" என்று உள்ளே போனவர், தலையை நனைத்துப் படிய வாரி, சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தோளில் கிடந்த அளவு நாடாவை எடுத்து வைத்துவிட்டு வந்து விறைப்பாக நின்றார். எனக்கு ஏமாற்றம். "நாடாவைப் போட்டுக்குங்க, சும்மா வேலையைப் பாருங்க" என்றேன். சொன்னபடி செய்தார். முகம் மட்டும் வாடிவிட்டது. நாற்பது படம் எடுத்தேன். சிறந்த ஒன்றைப் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நெடுநேரம் பார்த்தார். "நல்லாயிருக்கு. நான் தலை சீவிக்கிட்டு நின்னேனே, அது இல்லையா?"

அதை நான் எடுக்கவே இல்லை. ஒருவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதைக் கண் முன்னால் நின்று சொல்லியிருக்கிறார், நான் அதை விறைப்பு என்று தள்ளிவிட்டேன். இன்றும் யாரையாவது "இயல்பா இருங்க" என்று படக்காரர்கள் அதட்டுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் விரும்பும் படத்தை முதலில் எடுங்கள். அவசரப்படாமல், நல்ல வெளிச்சம் பார்த்து, மனதார எடுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். அப்புறம்தான் உங்களுக்கு வேண்டியது.

மறு வாரம் திரும்பப் போனேன். மறுபடி தலை சீவிக்கொண்டு வந்து நின்றார். இரண்டே படம். திரையில் காட்டியதும் சிரித்தார். பிறகு மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, நாடாவைத் தானே தோளில் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார்.

"சரி தம்பி, இப்ப உங்களுக்கு எடுத்துக்குங்க."