மக்களவைத் தேர்தலில் கட்சியைப் பார்ப்பதா, வேட்பாளரைப் பார்ப்பதா?

தொகுதி வேட்பாளர் நல்லவர், ஆனால் அவருடைய கட்சித் தலைமை பிடிக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் கட்சியைத்தான் பார்ப்பேன்.

காரணம் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். அவையில் கட்சி உறுப்பினர்களை ஒருங்கிணைக்கும் கொறடா உத்தரவு போட்டுவிட்டால், கட்சி சொல்கிற பக்கம்தான் உறுப்பினர் வாக்களிக்க வேண்டும். மீறினால் பதவியே பறிபோகலாம். மனசாட்சி உள்ளவராக இருந்தாலும், தனக்குப் பிடிக்காத மசோதாவுக்கும் கை தூக்கியாக வேண்டிய நிலை அவருக்கு வரும். இது எனக்குப் பெரிய வருத்தம். ஆனாலும் நிலைமை இதுதான்.

அதற்காகத் தலைவரின் முகத்தை மட்டும் பார்த்துப் போடுவதும் சரியில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரதமர் என்று ஒரு பொத்தான் கிடையாது. 543 இடங்களில் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 யாருக்கும் கிடைக்காவிட்டால் கணக்கு மாறிவிடும். 1996-இல் கர்நாடக முதல்வராக இருந்த தேவகவுடா, மக்களவைக்குப் போட்டியிடாமலே பிரதமரானார். அவருடைய ஜனதா தளம் வென்றது 46 இடங்கள்தான். அந்தத் தேர்தலில் அவரை மனதில் வைத்து ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்புறம், வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அவசியம் படியுங்கள். குற்ற வழக்குகள், சொத்து, கடன் எல்லாம் அதில் இருக்கும். டீக்கடை வாக்குவாதத்தில் கிடைக்காத விவரம் அது. கடுமையான வழக்குகள் உள்ளவர் என்றால், எனக்குப் பிடித்த கட்சியாக இருந்தாலும் அவருக்குப் போட மாட்டேன்.