‘வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று பள்ளியில் சொன்னால்?

கொரோனாவுக்காக மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் திறந்தபோது, மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள்தான் அதிகம். அவற்றில் மூன்றை, அன்று எழுதிய பதில்களோடு எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு திருவட்டார் பக்கம். எனக்கு அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) வேலை, வீட்டுக்காரருக்கு ரப்பர் பால் வெட்டு. மகனுக்குப் பத்து வயது, டவுன் சிண்ட்ரோம். கொரோனாவுக்கு முன்னால் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, பாஸ் போட்டுப் பாஸ் போட்டு இப்போது ஐந்து. பெயர் எழுதத் தெரிந்தவன் அதை மறந்துவிட்டான். ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரிந்தவன் இப்போது சில நாள் டவுசரிலேயே போய்விடுகிறான். பள்ளியில் ‘மாஸ்க் போட மாட்டேன் என்கிறான், வீட்டிலேயே இருக்கட்டும், வாரம் ஒருநாள் சிறப்பாசிரியர் வருவார்’ என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள், சகோதரி.

வீட்டுவழிக் கல்வி என்று ஒன்று இருப்பது உண்மைதான், கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-ல் கொண்டுவந்த திருத்தத்தில் வந்தது. ஆனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள பிள்ளைக்கு, வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமையாகத்தான் அதில் எழுதியிருக்கிறது. கேட்க வேண்டியது நீங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள், இங்கே தலைகீழாக நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. அதனால் வாயால் பேசிக்கொண்டிருக்காமல், ‘என் மகனைப் பள்ளிக்கு அனுப்ப விரும்புகிறேன்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும், யாரும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள். மாறாவிட்டால் உங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கான கல்வித் துறை அலுவலகமான வட்டார வள மையம், அதற்கு மேல் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலகம். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை வீட்டுப் பட்டியலுக்குப் போன பெயர் வகுப்பு வருகைப் பதிவேட்டுக்குத் திரும்பி வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வருகிற ஆசிரியர் நல்லவராகவே இருக்கட்டும், வாரத்தில் ஒரு மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் டிவிதானே? உங்கள் மகனுக்குப் பள்ளி என்பது அ, ஆ மட்டுமில்லை, வரிசையில் நிற்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது, அம்மா ஊட்டாமல் மதியச் சோறு தின்பது எல்லாம் அதில் அடக்கம், இதையெல்லாம் கல்வித் தொலைக்காட்சியில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மாஸ்க்: இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாமல் ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று உலக சுகாதார அமைப்பே 2020-ல் சொல்லிவிட்டது. ஜன்னல் பக்கம் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும், உங்கள் மகனுக்கு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டே அனுப்புங்கள். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு 2021-ல் கொரோனாத் தடுப்பூசி வரவில்லை, ஆகவே வீட்டில் நீங்கள் இருவரும் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும்.

டவுசர் நனைவதற்குத் திட்டாதீர்கள். அவன் சொல்வான் என்று காத்திருக்காமல் ஒன்றரை மணிக்கு ஒருமுறை நீங்களே கூட்டிப் போங்கள். பள்ளியிலும் அதே நேரக் கணக்கு வேண்டும், இதை ஆசிரியரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் மதியம் வரை போதும்.

பெயரை முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் எழுதி, கடைசி எழுத்தை மட்டும் அவனுக்கு விடுங்கள். அது பழகியதும் கடைசி இரண்டு. எப்போதும் அவன் கையால்தான் பெயர் முடிய வேண்டும், அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்தது வரும். சட்டைப் பொத்தானும் இப்படித்தான். எண்ணுவதற்குப் புத்தகம் எதற்கு? மழைக்கு வெட்டு நின்று அப்பா சும்மா இருக்கும் நாளில் பால் சிரட்டைகளைக் கழுவி ஐந்து ஐந்தாக அடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் ஷீட் அடிக்கப் பாலை உறைய வைக்கிற ஆசிட் மட்டும் அவன் கைக்கு எட்டக் கூடாது.

கேள்வி: கிள்ளியூர் வட்டாரத்தில் கடற்கரை ஊர். மகள் எட்டாம் வகுப்பு, இரண்டு காதிலும் கருவி. டீச்சர் மாஸ்க் போட்டிருப்பதால் ஒன்றும் புரியவில்லை என்று அழுகிறாள்.

பதில்: ‘பணம்’, ‘மணம்’ இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். உதடு தெரியும்போதே அவளுக்கு இவ்வளவு சிரமம், அதையும் மூடிவிட்டால்? வாய்க்கு நேரே தெளிவான பிளாஸ்டிக் வைத்த மாஸ்க்கை ஊர்த் தையல்காரரே தைப்பார். உள்பக்கம் சோப்பை லேசாகத் தேய்த்துத் துடைத்தால் ஆவி படியாது. இரண்டு வாங்கி டீச்சருக்குக் கொடுங்கள், கோபிக்க மாட்டார். முகத்தில் வெளிச்சம் விழ நிற்கச் சொல்லுங்கள், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் அவளுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அன்றைய பாடத்தின் புதுச் சொற்களை முன்கூட்டியே எழுதித் தந்தால் பாதி பாரம் குறையும்.

அவள் மாஸ்க்கைக் காதில் மாட்டவே வேண்டாம், கழற்றும்போது கருவியும் சேர்ந்து விழுந்து தொலையும். தலைக்குப் பின்னால் கட்டுகிற நாடா வைத்ததே நல்லது. கடற்காற்று ஈரத்துக்கு, ராத்திரி பேட்டரியை எடுத்துவிட்டு, கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மாலையில் வீட்டருகே சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். தெருவில் சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி இருக்கிறாள், மூளை முடக்குவாதம். எனக்குப் பயிற்சி இல்லை. அவளைச் சேர்க்கலாமா?

பதில்: சேருங்கள். பயிற்சியை வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் கேளுங்கள், இயன்முறை மருத்துவரும் அங்கே வருவார், அவளை எப்படி உட்கார வைப்பது, கால் எதில் ஊன்ற வேண்டும் என்று காட்டித் தருவார். பேச்சு தெளிவில்லை என்பதால் அறிவு குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அப்புறம், வகுப்பு உங்கள் வீட்டு மாடியில் என்றால் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள்.