தங்கத் தாளுக்குள் ஒரு கொட்டை

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் என் நாத்தனார் ஃபெரேரோ ரோஷர் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, "ஒரிஜினல் இத்தாலி சாக்லேட்" என்று பெருமையடித்துக்கொள்கிறார். அப்படி என்ன ஒசத்தி அது? (மன்னார்குடி வாசகி ஒருவர்)

பதில்: நாத்தனார் மேல் இருக்கும் கோபத்தைச் சாக்லேட் மேல் காட்டாதீர்கள், பாவம் அது. ஆனால் அவர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

ஒன்றை எடுத்துத் தங்கத் தாளை உரித்து, கத்தியால் இரண்டாக நறுக்குங்கள். கொட்டைத் துணுக்குகள் ஒட்டிய மெல்லிய சாக்லேட் பூச்சு வெளியே. அதற்குள் ஐஸ்க்ரீம் கோன் மாதிரி மொறுமொறுவென்று ஒரு வேஃபர் ஓடு. ஓட்டுக்குள் ஹேசல்நட் க்ரீம், நட்டநடுவில் வறுத்த முழு ஹேசல்நட் ஒன்று. எல்லாம் சேர்ந்து 12.5 கிராம். சாக்லேட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கோகோவைக் குறைத்துக் கொட்டையைக் கூட்டுவது இத்தாலியின் பீட்மான்ட் வட்டாரத்துக்குப் பழகிப்போன கைவேலை. கோகோ கப்பலில் வந்தாக வேண்டும். ஹேசல்நட்டோ அந்த ஊர் மலைச்சரிவில் கொட்டிக்கிடக்கிறது. டூரின் நகரத்துக் கஃபரெல் கம்பெனி 1865-லேயே இரண்டையும் அரைத்துக் கலந்து, 'ஜான்டூயோத்தோ' என்று படகுபோல ஒரு மிட்டாய் போட்டுவிட்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து கோகோவுக்குப் பஞ்சம். ஆல்பா என்ற சிற்றூரில் மிட்டாய்க்கடை வைத்திருந்த பியெத்ரோ ஃபெரேரோ அந்தப் பழைய வித்தையைக் கையிலெடுத்தார். 1946-ல் அவர் விற்றது, கத்தியால் சீவி ரொட்டியில் வைத்துத் தின்னும் ஒரு கட்டி. பிள்ளைகள் கட்டியைத் தின்றுவிட்டு ரொட்டியை வீசிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. எந்த ஊர்ப் பிள்ளைதான் அப்படிச் செய்யாது! மூன்றே வருடத்தில் பியெத்ரோ இறந்துபோனார். கட்டி 1951-ல் தடவுகிற பதத்துக்கு வந்து 'சூப்பர்க்ரேமா' ஆனது. மகன் மிக்கேலே அதைத் திருத்திப் புதுப்பெயர் வைக்க, 1964 ஏப்ரல் 20 அன்று ஆல்பா ஆலையிலிருந்து வெளியே வந்த ஜாடிதான் நியூட்டெல்லா.

ஐரோப்பாவில் விற்கும் அந்த ஜாடியின் லேபிளைப் படியுங்கள். முதலில் சர்க்கரை, அடுத்தது பாமாயில். ஹேசல்நட் 13 சதவீதம், கோகோ 7.4. இதைச் சத்தான காலை உணவு மாதிரி விளம்பரம் செய்தார்கள் என்று அமெரிக்காவில் ஒரு தாய் வழக்குப் போட, 2012-ல் கம்பெனி சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உங்கள் வீட்டிலும் தோசைக்கு அதைத் தடவிக்கொடுக்கும் வழக்கம் இருந்தால், ஸ்வீட் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள்.

மிக்கேலே ஒரு விசித்திரப் பிறவி. எப்போதும் கறுப்புக் கண்ணாடி. பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஆகாது. (எங்கள் தொழிலுக்கு அவரால் காலணா பிரயோஜனம் இல்லை.) ஆனால் வாங்குகிறவர் மனசு அவருக்கு அத்துப்படி. கடைக்குப் போகும் இல்லத்தரசிக்கு 'வலேரியா' என்று கற்பனையாக ஒரு பெயர் வைத்து, அவள்தான் நமக்கு முதலாளி என்பாராம். கிண்டர் சாக்லேட், 'டிக் டாக்' (Tic Tac) மிட்டாய் எல்லாம் அவர் காலத்துச் சரக்கு. 1982-ல் ரோஷர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தங்கத் தாள், அடியில் பழுப்புக் காகிதக் கிண்ணம், ஒளிவுமறைவில்லாமல் உள்ளே இருப்பதைக் காட்டும் பிளாஸ்டிக் டப்பா. நாலு பேர் பார்க்கக் கொடுப்பதற்கென்றே செய்த பொருள் அது. தனியாக உட்கார்ந்து தின்பதற்கு யாராவது 24 உருண்டை வாங்குவார்களா? நாத்தனார் பெருமையடிப்பதில் அவர் தப்பு பாதிதான், மீதி மிக்கேலேயுடையது.

'ஒரிஜினல் இத்தாலி' என்பதற்கு வருவோம். கம்பெனியின் தலைமையகம் இப்போது லக்ஸம்பர்கில். ஆலைகள் பல நாடுகளில். நம் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலும் ஒன்று இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இத்தாலியில் கோடைகாலம் வந்தால் ரோஷரைக் கடைகளுக்கு அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள், உருகிவிடும் என்று. மன்னார்குடிக்கு மே மாதம் வந்து இறங்கும் டப்பாவில் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். அடுத்த முறை நாத்தனாரை மார்கழியில் வரச்சொல்லுங்கள்.