குழுவில் யாராவது முகம் வாடினாலே முடிவை மாற்றிவிடுகிறேன். உறவும் கெடாமல் தலைமையும் தளராமல் இருப்பது எப்படி?

விடுப்பு கேட்டவரிடம் "இந்த வாரம் முடியாது" என்கிறீர்கள். "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. பத்து நிமிடத்தில் நீங்களே நீளமாக விளக்கம் எழுதி, "வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முடிக்கிறீர்கள். அவர் மறுபடி கேட்கவே இல்லை. அந்தச் "சரி" உங்களுக்குள் கிளப்பிய பதற்றம் அடங்குவதற்காக முடிவு மாறியது. அவருடைய வேலையை இன்னொருவர் சுமக்கப்போகிறார்.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் (1913–1990) குடும்பங்களிடையே இதை ஆராய்ந்தவர். நெருங்கி இருந்துகொண்டே தன் நிலையில் நிற்பதைத்தான் அவர் முதிர்ச்சியாகக் கண்டார். பலர் இங்கே வழுக்குகிறார்கள். பேச்சைக் குறைத்து, விறைத்துக்கொண்டு, அதையே விடுதலை என்று நம்புகிறார்கள். ஒதுங்கிப்போவதும் பிறரைச் சார்ந்திருப்பதன் மறுபக்கம்தான் என்றார் போவன்.

பேசப் போகும் முன் முடிவையும் காரணத்தையும் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். எந்தத் தகவல் வந்தால் மாற்றுவீர்கள் என்பதையும் கீழே குறியுங்கள். சொல்லி முடித்ததும் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். "உங்களுக்கு ஏமாற்றம்தான், புரிகிறது" என்று சொல்லலாம். "ஆனால்" என்று தொடங்கி மறுபடி விளக்கப் போகாதீர்கள். குறித்துவைத்த தகவல் வந்தால் தயங்காமல் மாற்றுங்கள். மௌனத்துக்கோ உயர்ந்த குரலுக்கோ மாற்றாதீர்கள். மறுநாள் நீங்களே போய் வழக்கம்போலப் பேசுங்கள், அந்த விஷயத்தைக் கிளறாமல். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இது இல்லாவிட்டால் உறுதி வெறும் கோபமாகவே தெரியும்.

ஒருவர் இன்னொருவரைப் பற்றிக் குறை சொன்னால், "இதை அவரிடம் சொன்னீர்களா?" என்று முதலில் கேளுங்கள். தேவைப்பட்டால் மூவரும் சேர்ந்து உட்காரலாம். நடுவில் தூது போனால் இருவருடைய பாரமும் உங்கள் தலையில். மிரட்டல், துன்புறுத்தல் என்றால் மட்டும் உடனே நீங்களே தலையிட வேண்டும்.

நீங்கள் மாறத் தொடங்கியதும் எதிர்ப்பு வரும். "நீங்க செய்யறது தப்பு", "பழையபடி இருங்க", "இல்லேன்னா நடக்கறதே வேற" என மூன்று படியாக அது வரும் என்பது போவனின் கணிப்பு. புதுக் காரணம் தேடாதீர்கள். எழுதிவைத்த அதே இரண்டு வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். இந்த நாட்களில் உங்கள் மனதும் தவிக்கும். அதைக் கொட்ட, உங்களுக்குக் கீழே வேலை பார்க்காத ஒருவரை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.