அழுதால் விசுவாசம் இல்லையா?

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் தேயிலை மலையில் குளவி கொட்டி இறந்து எட்டு மாதமாகிறது. அதே மலையில்தான் இன்றைக்கும் நான் கொழுந்து பறிக்கிறேன். சபையில் பாட்டுத் தொடங்கியதுமே அழுகை வந்துவிடுகிறது. "அவர் கர்த்தரிடம் இருக்கிறார், இன்னும் அழுதால் உனக்கு விசுவாசம் இல்லை" என்கிறார்கள். தோட்டத்து லய வீட்டில் கிடக்கிற என் வேதனை கடவுளுக்குப் புரியுமா?
- ஒரு சகோதரி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, அழுங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யோவான் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். லாசரு இறந்து நாலு நாள். மார்த்தாள், மரியாள் இரண்டு பேருமே, "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான்" என்று இயேசுவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்காக அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், தெரிந்திருந்தும் மரியாள் அழுவதைப் பார்த்துக் கலங்கி, அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டு, கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை அவரைவிட உறுதியாக நம்பியவர் யார்? அவரே அழுதிருக்கும்போது உங்கள் கண்ணீரை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்க யாருக்கும் உரிமையில்லை.

நாயீன் ஊர் விதவையிடம் அவர் "அழாதே" என்று சொன்னாரே என்று யாராவது கேட்கலாம். சொன்னார்தான். லூக்கா 7இல் இருக்கிறது. ஆனால் சொன்ன கையோடு பாடையைத் தொட்டு, செத்த மகனை எழுப்பித் தாயிடம் கொடுத்தார். நம்மால் அது முடியாது, அதனால் அந்த வார்த்தையை நாம் எடுக்கவே கூடாது. சாவு வீடுகளில் நானும் பல தடவை "அழாதீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் மனது வலிக்கிறது.

உங்கள் வேதனை அவருக்குப் புரியுமா என்று கேட்டீர்கள். நம் பலவீனங்களைப் பார்த்துப் பரிதபிக்கிற, எல்லா விதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்ட ஒருவர் நமக்கு இருக்கிறார் என்கிறது எபிரெயர் 4:15. தச்சு வேலை செய்தவர் அவர். சிலுவையில் ஆணியடிக்கப்பட்டுத் தொங்கும்போதும், தன் தாயை இனி யார் பார்ப்பார்கள் என்று யோசித்து ஒரு சீடனிடம் ஒப்படைத்தார். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியதும் அதே வாய்தான். எட்டு மாதமாக ராத்திரியில் நீங்கள் கேட்கிற கேள்வியும் இதுதானே?

அப்புறம், 56ஆம் சங்கீதம். பெலிஸ்தரிடம் பிடிபட்ட தாவீது பாடியது. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்கிறார். துருத்தி என்றால் தோல் பை. கணக்கு என்ற சொல் நமக்குப் புதிதில்லை. நாள் முழுக்கப் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், நீங்கள் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அவர் கணக்கில் அந்தக் கழிவு கிடையாது. குளவிக் கூட்டைப் பார்த்துப் பயந்து, சேலைத் தலைப்பில் முகம் துடைத்துக்கொண்டு அதே நிரையில் நின்றீர்களே, அதுவும் அதில் ஏறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போங்கள். பாட்டில் அழுகை வந்தால் வரட்டும், ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள். மறுபடியும் யாராவது அப்படிக் கேட்டால் சண்டை போடவேண்டாம், யோவான் 11:35ஐ எடுத்து அவர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.