பித்தவெடிப்புக்குக் கைவைத்தியம் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகி, புடவை நுனி மாட்டி இழுக்கிறது. மாமியார் சொன்னபடி சுடுதண்ணீரில் கல் உப்பு போட்டுக் காலை வைத்து, மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் உருக்கித் தடவுகிறேன். மகள் எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் தேய்க்கச் சொல்கிறாள். நல்லவேளை, வலியே இல்லை. சில சமயம் செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் நடந்துவிடுகிறேன். எதைத் தொடரலாம்?
- வாசகி, தேனி

பதில்: 'வலியே இல்லை' என்று நீங்கள் நிம்மதியாக எழுதிய வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆழமான வெடிப்பு வலிக்கத்தான் வேண்டும். செருப்பு கழன்றதும் தெரியவில்லை என்றால், சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வாரமே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சுடுதண்ணீரையும் மெழுகையும் இன்றோடு விட்டுவிடுங்கள். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் கண்ணில் பட்ட பிறகுதான் சுட்டதே தெரியும். எலுமிச்சையும் சோடா உப்பும் யாருக்குமே வெடிப்புக்குள் எரியும். உங்களுக்கு அந்த எரிச்சலும் தெரியாமல் போகலாம்.

மாமியாரின் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது, வியர்வை மட்டும்தான். நரம்பு பாதித்தால் அதுவும் குறைந்து, தோல் காய்ந்து தடித்து, உடம்பின் எடை அழுத்தும்போது பிளக்கிறது. குளித்ததும் ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே குதிகாலில் எண்ணெய் தடவுங்கள். விரல் இடுக்கில் வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். தடித்த தோலை இளக்க எண்ணெயைவிட யூரியா கலந்த க்ரீம் மேல். வெடிப்பு ஆழமாக இருப்பதால் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

மஞ்சளும் மருதாணியும் இப்போதைக்கு வேண்டாம். அந்த நிறத்தில், சீழ் பிடிப்பதற்கு முன்னால் வரும் சிவப்பு மறைந்துவிடும். பிளேடால் சுரண்டுவதும், கால் ஆணிக்கு எருக்கம்பால் வைப்பதும், மருந்துக்கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்டர் ஒட்டுவதும் கூடவே கூடாது.

சரி, மகளுக்குச் சர்க்கரை இல்லை என்றால் அவள் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை வைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, வாசலின் தடவி, சாக்ஸ் போட்டுத் தூங்கலாம். சாதாரண வெடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் நன்றாகக் குறையும். குறையாவிட்டால் படையோ சொரியாசிஸோ இருக்கலாம், தோல் டாக்டர் பார்க்கட்டும்.

அப்புறம், வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி கொண்டது) நல்லது. கோயிலுக்கு, பிரகாரத்துக் கல் சுடுவதற்கு முன் காலையிலேயே போய்வாருங்கள். தினமும் ராத்திரி தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வீக்கம், கசிவு, நாற்றம் எது இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.